நிற்காத பெடல்

ஜூன் 9, திங்கள்

விடியும் முன்பே சாரல். ரோடு நனைந்து கிடந்தது. மழைக்கோட்டு, டார்ச், சோற்றுப் பாத்திரம், பிளாஸ்டிக் உறைக்குள் போன். டயரில் காற்றுப் பார்த்தேன். சங்கிலியின் இழுவை பார்த்தேன். வாசல் வரை உருட்டிவிட்டு மறுபடியும் சங்கிலியைப் பார்த்தேன். அது கழன்றால் இந்தச் சைக்கிளை நிறுத்த வேறு வழி கிடையாது.

ஆறரைக்கு லேப் திறக்க வேண்டும். வெறும் வயிற்றில் இரத்தம் கொடுக்க வருகிறவர்கள் அதற்கு முன்பே வந்து நிற்பார்கள். எங்கள் பக்கத்து முதல் பஸ் தக்கலை போய்ச் சேர ஏழு தாண்டிவிடும். முன்பு மாத ஆட்டோ, கத்தாரிலிருந்து லீவுக்கு வந்தால் இவர் காரில் கொண்டுவிடுவார். இப்போது ஆட்டோவுக்குப் பணமும் இல்லை, காரும் இல்லை. இருந்தாலும் இவர் ஓட்டக் கூடாது. அதனால் பரணில் கிடந்த என் காலேஜ் சைக்கிளை இறக்கினேன்.

டிராக் சைக்கிள். திருவனந்தபுரம் வெலோட்ரோமில், சைக்கிள் பந்தய வட்டத்தில், பல்கலைக்கழகத்துக்காக ஓட்டினது. என் கைக்கு வரும்போதே அது பழசு. எனக்கு முந்தி யார் யாரோ ஓட்டி, கழித்துப்போட்டதில் ஒன்றைக் கோச் எனக்குத் தந்தார். இரும்புச் சட்டம், ஒரே கியர், பிரேக் இல்லை. முன் கவையில் பிரேக் மாட்டுவதற்கு ஓட்டை கூட இல்லை. சக்கரம் சுற்றுகிற வரைக்கும் பெடலும் சுற்றும். கால் சும்மா இருக்க விடாது. நிறுத்த வேண்டுமானால் சுற்றுகிற பெடலைக் காலால் எதிர்த்து அழுத்த வேண்டும். போட்டிக்கென்று கட்டின வட்டத்தில் அது சுகம். பத்மநாபபுரம் கோட்டை இறக்கத்தில், ஈர ரோட்டில், டூரிஸ்ட் பஸ் குறுக்கே திரும்பும்போது, வேறு.

சேர்ந்ததும் இவருக்குப் போன். “சேர்ந்தாச்சு.” “சரி.” அவ்வளவுதான் பேச்சு.

மகள் ஜெனிக்கு ஜியாமெட்ரி பாக்ஸ் வாங்க வேண்டும். மறந்தேன்.

ஜூன் 10, செவ்வாய்

மழை விட்டது. வெயிலில்லை.

இன்று ஒரு காரியம் செய்தேன். சாயங்காலம் இவர் பின்னால் வாழைக்குத் தடம் வெட்டிக்கொண்டிருந்த சமயம் குளிமுறித் தாழ்ப்பாளைத் திருப்புளியால் கழற்றி எடுத்தேன். டாக்டர் சொன்னதுதான். உள்ளே தாழ் போடக் கூடாது, கிணற்றுப் பக்கம் தனியே போகக் கூடாது, உயரத்தில் ஏறக் கூடாது, வண்டி ஓட்டவே கூடாது. மாத்திரை தவறக் கூடாது. இரவு விழித்திருக்கக் கூடாது.

இவர் வந்து கதவைப் பார்த்தார். திருகாணி இருந்த ஓட்டைகளை விரலால் தடவினார்.

கத்தாரில் இத்தனை வருஷம் வண்டி ஓட்டினவர். ஒரு நாள் சிக்னலில் நிற்கும்போது முதல் வலிப்பு. நின்ற வண்டி என்பதால் உயிர் மிச்சம். வேலை போனது, ஊருக்கு வந்தார். ஊரில் முதுகு வலி என்று சொல்லி வைத்திருக்கிறோம். சபையிலும் அதுதான். போதகர் போன வாரம் முதுகுக்காக ஜெபித்தார். நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன், ஆமென் வரவில்லை.

பக்கத்து வீட்டுச் சுகந்தி அக்கா மதிலுக்கு மேலே கேட்டாள், எட்வினுக்கு இன்னும் சொகமாகவில்லையா என்று. கொஞ்சம் சொகம் உண்டு என்றேன்.

லேப்பிலிருந்து மணிக்கு ஒரு தடவை கூப்பிடுகிறேன். மூன்று தடவை மணி அடித்தும் எடுக்காவிட்டால் என் விரல் நுனி குளிர்ந்துவிடுகிறது. குளிர்ந்த விரலோடு ஒருத்தருக்கு நரம்பு தேட முடியாது. லேப்பில் என்னோடு இருக்கிற தீபா இன்று என் கையிலிருந்து சிரிஞ்சை வாங்கிக்கொண்டாள். “அக்கா, நீங்க போய் பேசிட்டு வாங்க.” அவளிடமும் முதுகு வலி என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 12, வியாழன்

எழுதக் கை வரவில்லை. இருந்தாலும்.

காலையில் மெயின் ரோட்டில் டிப்பர். கல் ஏற்றிக்கொண்டு கேரளாவுக்குப் போகிறவை, வரிசையாக நாலைந்து ஒன்றன் பின் ஒன்றாக வரும். முதல் வண்டி என்னைத் தாண்டும்போது நான் ஓரத்து வெள்ளைக் கோட்டில். இரண்டாவது வண்டிக்காரன் முன்னவனை முந்தப் பார்த்து, முடியாமல், மறுபடி இடப்பக்கம் ஒடித்தான். வண்டியின் பக்கவாட்டு சுவர் மாதிரி என்மேல் சரிந்து வந்தது. சாதாரண சைக்கிளானால் பெடலை நிறுத்திக் காலை ஊன்றி ஒதுங்கியிருப்பேன். இது காலை விடாது. மிதித்துக்கொண்டே மண்ணில் இறங்கினேன். கைப்பிடி குதித்தது. மரச்சீனிக் கிழங்குத் தோட்டத்து வேலியில் போய் நின்றேன். முழங்கையில் முள் கீறல் மட்டும்.

டிப்பர் போய்விட்டது. அவனுக்குத் தெரிந்திருக்காது.

லேப்பில் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டில் சொல்லக் கூடாது என்று வந்தேன். ஆனால் இரவு சாப்பிட உட்காரும்போது தொடை ஆடியது, நிற்கவில்லை. இவர் தட்டைத் தள்ளிவிட்டு எண்ணெய் எடுத்து வந்து காலைப் பிடித்துவிட்டார். கீறலையும் பார்த்தார்.

“ரோட்டுல பேடியா இருக்கா? பயப்படுதியா?”

“இருக்கு.”

“பின்ன எதுக்கு அதுலயே போற? லேடீஸ் சைக்கிள் ஒண்ணு எடுப்போம்.”

வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டார். சொல்லத் தெரியவில்லை. இங்கே எழுதிப் பார்க்கிறேன். அந்தச் சைக்கிளில் ஏறினால் வேறு எதையும் நினைக்க முடியாது. குழி, ஈரம், நாய், பஸ், கால். இறங்குகிற வரைக்கும் அந்தப் பயம் மட்டும்தான். அது காலில் இருக்கிற பயம். இறங்கின உடனே மற்றது வந்து நெஞ்சில் உட்கார்ந்துகொள்ளும். இவர் எங்கே, என்ன செய்கிறார், விழுந்தாரா, வாயில் நுரையா, பக்கத்தில் அடுப்பு எரிகிறதா. அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு வேண்டும். லேடீஸ் சைக்கிளில் அது கிடைக்காது.

இதை அவரிடம் எப்படிச் சொல்வது?

ஜூன் 14, சனி

வெயில். துணி காய்ந்தது. சாளை மீன் குழம்பு, மரச்சீனி மசித்து மயக்கினது. ஜெனி இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டாள்.

மத்தியானம் இவர் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். பெடலைக் கையால் சுற்றினார், சக்கரம் சுற்றியது. சக்கரத்தைத் தள்ளினார், பெடல் சுற்றியது. முன்னால் சுற்றினால் முன்னால், பின்னால் சுற்றினால் பின்னால். சிரித்தார். இவர் சிரித்துக் கொஞ்ச நாளாயிற்று. நியூட்ரலே கிடையாதா இதுக்கு, என்று கேட்டார். இல்லை என்றேன். எப்படி நிறுத்துகிறாய் என்றார். முற்றத்திலேயே ஒரு சுற்றுப் போய்க் காட்டினேன், பின்காலில் பாரம் கொடுத்து, பெடலைப் பிடித்து இழுத்து. ஜெனி கைதட்டினாள்.

வண்டிக்காரர். எந்த வண்டியானாலும் அதன் குணத்தைப் படிக்க வேண்டும் அவருக்கு.

மாத்திரை தலையை மந்தமாக்குகிறது என்கிறார். டாக்டரிடம் கேட்க வேண்டும். எழுதி வைத்துக்கொள்கிறேன்: மந்தம், பசியின்மை, கை நடுக்கம் (வலது).

ஜூன் 15, ஞாயிறு

ஆஸ்பத்திரி. இவர் தூங்குகிறார். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதாவிட்டால் எழுந்து எழுந்து போய் மூச்சைப் பார்ப்பேன்.

காலையில் ஆராதனை. வந்து சாப்பிட்டோம். ஜெனி கூட்டுக்காரி வீட்டுக்குப் படிக்கப் போனாள். நான் கொஞ்சம் படுத்தேன். பக்கத்தில்தான் இவரும் படுத்திருந்தார். தூங்கியிருக்கக் கூடாது. தூங்கிவிட்டேன்.

முழிக்கும்போது வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. பக்கம் காலி. குளிமுறிக் கதவு திறந்து கிடந்தது, உள்ளே யாரும் இல்லை. கிணற்றுக்கு ஓடினேன். மூடி மூடியபடி. அடுக்களை, வாழைத்தடம், மொட்டைமாடிப் படி. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், இத்தனை வருஷத்தில் முதல் தடவை. போன் மேசைமேல் கிடந்தது. அப்புறம்தான் சுவரோரம் பார்த்தேன். சைக்கிள் இல்லை.

செருப்புப் போடாமல் வெளியே வந்தேன். சுகந்தி அக்கா மதிலில் நின்று, “சைக்கிள்லயாக்கும் போனாரு. முதுகு சொகமாச்சா?” என்றாள். முகம் சந்தோஷமாக இருந்தது அவளுக்கு. எந்தப் பக்கம் என்று கேட்டேன். கோட்டைப் பக்கம் கையைக் காட்டினாள்.

அந்தப் பக்கம் இறக்கம். இவருக்கு அதை நிறுத்தத் தெரியாது. முற்றத்தில் ஒரு தடவை பார்த்தது மட்டும்.

ஓடினேன். பெரிதாக ஒன்றும் நினைக்கவில்லை. ரோட்டோர ஓடையைப் பார்த்துக்கொண்டே ஓடினேன். ஒவ்வொரு வளைவிலும் அங்கே கிடப்பார் என்று தோன்றும், வளைவு தாண்டினால் இருக்கமாட்டார், அதற்கு ஒரு நிம்மதி, உடனே அடுத்த வளைவு. கோட்டை வாசல் பக்கம் அன்னாசிப் பழம் வெட்டி விற்கிறவள் என்னைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்தாள். இறக்கத்தில் ஒருத்தர் விழுந்து கிடக்கிறார், வலிப்பு என்று சொல்கிறார்கள், உங்கள் ஆளா என்று கேட்டாள். நிற்காமல் ஓடினேன்.

அரண்மனைக்குப் போகிற வழியில் கூட்டம். டூரிஸ்ட் பஸ் ஒன்று நின்றது. யூனிபாரம் போட்ட பிள்ளைகள் வரிசையாக ஓரத்தில் நின்றார்கள். ஒருவன் போனை உயர்த்திப் பிடித்துப் படமெடுத்தான். கைதைத் தாழம்புதருக்குள் சைக்கிளின் பின்சக்கரம் தெரிந்தது. கூட்டத்துக்கு நடுவில் தரையில் உட்கார்ந்து, இவர் தலையை மடியில் வைத்திருந்தது மணிகண்டன். கல்யாணத்துக்கு முந்தி இவரோடு ஒரே ஸ்டாண்டில் டாக்ஸி ஓட்டினவன். இப்போது அரண்மனை முன்னால் நிற்கிறான்.

“மைனி, பைய வாங்க. மூச்சு இருக்கு.”

வாயோரம் நுரை, இரத்தம். நாக்கைக் கடித்திருந்தார். கை கால் வெட்டல் நின்றிருந்தது. ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். படமெடுத்தவனிடம் போ என்று சொன்னேன். போனான். இடது தோள் ஒரு மாதிரி இறங்கியிருந்தது. வலது கை இறுகி மூடியிருந்தது, இடுக்கில் இரும்பு தெரிந்தது. சாவி. வலிப்பு வந்தவர் கையில் இரும்பு கொடுப்பார்களே, மணிகண்டன் தன் கார்ச் சாவியைக் கொத்தோடு கொடுத்திருக்கிறான். அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று எனக்குத் தெரியும். எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அங்கே ஒன்றும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரிக்குக் காரில் ஏற்றினோம். அப்புறம் கார் கிளம்பவில்லை. சாவி இவர் கையில். மணிகண்டன் பின்சீட்டுக்கு வந்து விரலைப் பிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. அவனுக்குக் கண் நிறைந்துவிட்டது. “அண்ணே, விடுங்க. நான் ஓட்டுதேன். நீங்க விடுங்க அண்ணே,” என்றான். நான் ஒவ்வொரு விரலாகப் பிரித்தேன். சாவியின் பல் உள்ளங்கையில் பதிந்திருந்தது.

காறை எலும்பு முறிவு. தலையில் ஸ்கேன், பயப்பட ஒன்றுமில்லையாம். பயப்பட ஒன்றுமில்லை என்று ஒரு சின்ன டாக்டர் சொல்லிவிட்டுப் போனார்.

ஜூன் 16, திங்கள்

லீவு சொன்னேன். தீபாவிடம் உள்ளதைச் சொன்னேன். எனக்க மாமனுக்கும் உண்டு அக்கா, என்றாள்.

மத்தியானத்துக்கு மேல் இவர் தெளிவாகப் பேசினார். நாக்கு வீங்கியிருக்கிறது, சொல் குழறுகிறது. நான் கேட்கவில்லை. தானாகவே சொன்னார்.

கோட்டை வாசல் வரைக்கும் நன்றாகத்தான் போயிருக்கிறார். இறக்கம் தொடங்கும்போது அந்த வாசனை வந்ததாம். ஒவ்வொரு தடவையும் வலிப்புக்கு முந்தி வரும், கிளச் கருகின வாசனை. வந்தால் ஓரமாக உட்கார்ந்துகொள்ளக் கொஞ்சம் நேரம் கிடைக்கும். நேற்று உட்கார முடியவில்லை.

“காலை நிறுத்திப் பாத்தேன். அது காலை இழுத்துட்டுப் போவுது. முன்னால பஸ்ஸுல இருந்து பிள்ளைக இறங்கிட்டு இருக்கு. வேற வழியில்ல. கைதைக்குள்ள ஒடிச்சேன்.”

பிள்ளைகளில் ஒன்றின் மேல் பட்டிருந்தால். நினைப்பு அதையே சுற்றிச் சுற்றி வருகிறது. இவருக்கும் அதுதான். அதைச் சொல்லும்போது உதடு கோணியது.

எதற்காக எடுத்தீர்கள் என்று அப்போது கேட்டுவிட்டேன். சத்தமாகவே கேட்டேன், பக்கத்துக் கட்டில்காரர் திரும்பினார். அடிக்க வேண்டும் போல இருந்தது. எலும்பு முறிந்த மனுஷனை.

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னார். “ஆரும் என்னைப் பாக்காம ஒரு மணிக்கூறு இருக்கணும்னு தோணிச்சு. நீ காலையில அதுல ஏறிப் போவும்போ உனக்க முதுகைப் பாப்பேன். அங்க போய்ச் சேர்ற வரைக்கும் உனக்கு நான் இல்ல. எனக்கும் அது வேணும்னு இருந்துச்சு.”

நான் யாரிடமும் சொல்லாதது. என் முதுகைப் பார்த்தே படித்துவிட்டார்.

நான் போன பிறகு “சேர்ந்தாச்சு” வருகிற வரைக்கும் ஜன்னலை விட்டு நகரமாட்டாராம். டிப்பர் சத்தம் மெயின் ரோட்டிலிருந்து எங்கள் வீட்டுக்குக் கேட்கும். ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு தடவை செத்துப் பிழைப்பேன் என்றார். எனக்கு இது தோன்றவே இல்லை. பயம் எனக்கு மட்டும் உள்ளது என்று இருந்துவிட்டேன்.

ஜூன் 19, வியாழன்

வீடு வந்தோம். பெருமழை. கரண்ட் இல்லை.

ஊருக்கே தெரிந்துவிட்டது. அந்தப் படம் யார் யார் போனுக்கோ போயிருக்கிறது. ஜெனி வகுப்பில் ஒருத்தி காட்டினாளாம். ஜெனி என்னிடம் அழவில்லை, அப்பாவிடமும் அழவில்லை. முகம் கழுவப் போய் வெகுநேரம் வரவில்லை. குளிமுறிக் கதவில்தான் தாழ்ப்பாள் இல்லையே. நான் வெளியே நின்றேன், தள்ளவில்லை.

சுகந்தி அக்கா குழம்பைச் சுண்ட வைத்த சுண்டக்கறியும் கஞ்சியும் கொண்டுவந்தாள். முன்னமே சொல்லியிருக்கலாமே என்று வருத்தப்பட்டாள். போகும்போது வாசலில் நின்று, “பிள்ளைக்கும் வருமோ?” என்று மெதுவாகக் கேட்டாள். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. வராது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், மூளையில் பழைய காயத்தால் வருவதாம். அதையே அவளிடம் சொன்னேன். ஆனால் இனி எத்தனை வாசலில் அந்தக் கேள்வி நிற்கும் என்று மனசுக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஜெனிக்கு ஒன்பதாம் வகுப்புதான் ஆகிறது.

ஜூன் 24, செவ்வாய்

பஸ்ஸில் போய்வருகிறேன். தினமும் லேட். மேலதிகாரி இதுவரை ஒன்றும் சொல்லவில்லை.

மணிகண்டன் வந்தான், இரண்டு டாக்ஸிக்காரர்களோடு. ஆப்பிள், ஹார்லிக்ஸ். இவர் சட்டையில்லாமல் கட்டோடு உட்கார்ந்திருந்தார், எழுந்து உள்ளே போகப் பார்த்தார். மணி விடவில்லை. முதுகு வலின்னு சொன்னியளே அண்ணே, எங்கிட்டயுமா என்று கேட்டான். இவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு வண்டிப் பேச்சு. வடநாட்டு டூரிஸ்டுக்கு இந்தியில் ஒன்றும் புரிய வைக்க முடியவில்லை என்று புலம்பினார்கள். இவருக்கு இந்தி தண்ணீர் மாதிரி, அரபியும் உண்டு. மணி சும்மா சொல்வதுபோல் சொன்னான்: கட்டு அவிழ்ந்த பிறகு என் வண்டியில் பக்கத்து சீட்டில் வந்து உட்காருங்கள், பேசினால் போதும், ஓட்ட வேண்டாம்.

இவர் கட்டின் முடிச்சைத் தடவிக்கொண்டிருந்தார். நான் உள்ளிருந்து வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். கன்னியாகுமரி, கடற்கரை, பாறை, கூட்டம். அங்கே வலிப்பு வந்தால் யார் பார்ப்பது. சொல்லாமல் சாயா எடுத்துக்கொண்டு போய் வைத்தேன்.

ஜூலை 3, வியாழன்

சைக்கிளின் முன்சக்கரத்தை நாகர்கோவிலில் நிமிர்த்தி வாங்கி வந்தான் மணி. கவையில் ஓட்டை போடாமல் பட்டையால் இறுக்குகிற முன்பிரேக் ஒன்றும் மாட்டியிருக்கிறான். மாட்டச் சொன்னது இவராம். அவலட்சணமாக இருக்கிறது. பழைய சட்டத்தில் புது ரப்பர்.

இன்று ஏறினேன். இறக்கத்தில் விரல் பிரேக்கில், கால் பெடலில். இரண்டு பக்கம் பிடித்தும் பயம் குறையவில்லை. கைதைப் புதரில் இன்னும் அந்த ஓட்டை இருக்கிறது. அதைப் பார்க்காமல் போகப் பழக வேண்டும்.

இனி மணிக்கு ஒரு தடவை கூப்பிடுவதில்லை என்று பேச்சு. காலையில் நான் சேர்ந்ததும் ஒன்று, மத்தியானம் ஒன்று. பத்து மணிக்குப் போன் கைக்கு வந்துவிட்டது. தீபா பிடுங்கி மேசை இழுப்பறையில் போட்டாள்.

ஜூலை 19, சனி

காலையில் மேகம், பிறகு நல்ல வெயில். இன்று இவர் முதல் தடவை மணியோடு போனார். காரில் உட்கார்ந்து போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தேய்த்த சட்டை, சென்ட், பையில் மத்தியான மாத்திரை. மணிக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தேன்: ஒருக்களித்துப் போட வேண்டும், வாயில் ஒன்றும் திணிக்கக் கூடாது, சாவி கொடுக்கக் கூடாது. “சாவியே கொடுக்கமாட்டேன் மைனி,” என்றான். இவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மத்தியானப் போன் வந்தது. கன்னியாகுமரி போகிற வழியில் கொட்டாரம் ஊர்ப் பக்கம், வெயில், குஜராத்திக் குடும்பம், நிறையப் பேசுகிறார்கள். குரல் பழைய குரல்.

டூட்டி முடிந்து வரும்போது அரண்மனை முன்னால் பார்த்தேன். மணி வண்டி இல்லை. ஆறு மணிக்கு வந்துவிடுவோம் என்று சொன்னது. ஆறரை. மழை இறங்கிவிட்டது. ஜெனி படிக்கிறாள், ஆனால் பக்கம் திருப்பவில்லை. போன் எடுத்தேன், வைத்தேன். சுகந்தி அக்கா வீட்டு டிவி. கன்னியாகுமரி ரோட்டில் இந்த மழைக்கு எத்தனை டிப்பர் வரும். மாத்திரை சாப்பிட்டாரா. கேட்கவில்லை நான், மத்தியானம் கேட்க மறந்துவிட்டேன். எப்படி மறந்தேன்.

இடவழியில் கார்ச் சத்தம். நின்றது. ஜெனி என் முகத்தைப் பார்க்கிறாள். போகாதே என்று கையைக் காட்டினேன். நானும் எழவில்லை. எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ஒரு கதவு திறந்தது. பேச்சு, மழையில் சரியாகக் கேட்கவில்லை. கார்க் கதவு சாத்தும் சத்தம். படியில் இவர் செருப்பைக் கழற்றுகிறார்.